நோய்க்கு அஞ்சினோமா, ஆளுக்கு அஞ்சினோமா?

2021 ஜூன் தொடக்கத்தில் கோவளம் நாடு முழுக்கச் செய்தியானது. கேளம்பாக்கம் சந்திப்பில் கிழக்கே திரும்பி, உப்பளங்களையும் கழிமுகத்தையும் தாண்டிப் போனால் வரும் மீனவ ஊர் அது. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்பவர்களுக்கு அங்கே பிரியாணி; கூடவே மொபைல் ரீசார்ஜ். வாரக் குலுக்கலில் மிக்ஸியும் தங்கக் காசும். கடைசிக் குலுக்கலில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர். எஸ்.டி.எஸ். அறக்கட்டளையும் வேறு சில தொண்டு அமைப்புகளும் சேர்ந்து இதை நடத்தின. அன்றைய செய்திகளில் வந்த கணக்கு இது: ஊரில் 18 வயதைக் கடந்தவர்கள் சுமார் 6,400 பேர், முந்தைய இரண்டு மாதங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 58 பேர், அறிவிப்புக்குப் பின் மூன்றே நாளில் 345 பேர்.

இந்த எண்களைப் படித்த பலருக்கும் முதலில் வந்தது சிரிப்பு. "உயிரைக் காப்பாத்திக்கக்கூட இவங்களுக்குப் பிரியாணி வேணுமா?" என்கிற சிரிப்பு. அந்தக் கேள்விக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே இருக்கிறது. இந்த மக்களுக்கு அறிவு போதாது, விழிப்புணர்வு போதாது, ஆசை காட்டினால்தான் நகர்வார்கள் என்பதே அந்த முடிவு.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். "இரண்டு மாதங்களில் 58 பேர்" என்று சொல்லப்பட்ட காலம் ஏறத்தாழ ஏப்ரலும் மே மாதமும். ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்தவர்களுக்குத்தான் ஊசி. 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் தொடங்கியதே மே 20-க்குப் பிறகு. மே 10 முதல் முழு ஊரடங்கு, மே 24 முதல் அது இன்னும் இறுகியது, பேருந்து கிடையாது. ஜூன் முதல் வாரத்தில் மாநிலத்தின் கையிருப்பே தீர்ந்து, பல முகாம்கள் நின்றன. ஆக, ஊசி போட்டுக்கொள்ளாத அந்த 6,300 பேரில் பெரும்பகுதியினருக்கு அந்த இரண்டு மாதங்களில் பெரும்பாலான நாட்கள் ஊசி போட்டுக்கொள்ளும் தகுதியே இல்லை. தகுதி இருந்தவர்களில் தயங்கியவர்கள் நிச்சயம் உண்டு. ஆனால் தகுதி, பேருந்து, கையிருப்பு என்கிற மூன்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த "மனசு" ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது நம் பொதுப்புத்தி.

அதே ஆண்டு செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு அரசு சுமார் 40,000 இடங்களில் முகாம் போட்டது. இலக்கு 20 லட்சம். போடப்பட்டது 28 லட்சத்துக்கும் மேல். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரிசு அறிவிப்புகள் இருந்தன. பெரும்பாலான ஊர்களில் இருந்தது வேறு: தெருமுனையில் முகாம், விடுமுறை நாள், கையில் மருந்து. ஜூனில் "விழிப்புணர்வு இல்லாத" மக்கள் செப்டம்பரில் எப்படி மாறினார்கள்? மூன்று மாதத்தில் மூளை மாறிவிடுமா?

பெருந்தொற்றுக் காலத்தில் மனிதர்கள் தங்களைக் காத்துக்கொள்வதும் காத்துக்கொள்ளாமல் போவதும் ஏன் என்பது உளவியலில் பழைய கேள்வி. இங்கே அந்தக் கேள்வியைச் சாதியை விட்டுவிட்டுக் கேட்க முடியாது. நம் அச்சம் எந்தத் திசையில் பாய வேண்டும், யாருடைய தயக்கத்துக்கு "அறியாமை" என்று பெயர், யாருடைய தயக்கத்துக்கு "எச்சரிக்கை" என்று பெயர் என்பதையெல்லாம் வைரஸ் வருவதற்கு முன்பே சாதி தீர்மானித்து வைத்திருந்தது.

இலவச எக்ஸ்-ரேவுக்கு ஏன் வரவில்லை?

1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரு குழப்பம். காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்-ரே வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். இலவசம்தான். ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் என்று ஆராயப் புகுந்த காட்ஃப்ரி ஹாக்பாம், இர்வின் ரோசன்ஸ்டாக் முதலான சமூக உளவியலாளர்கள் கண்டுபிடித்தது, நோயைப் பற்றிய தகவல் மட்டும் மனிதரை நகர்த்துவதில்லை என்பதைத்தான். எனக்கு இது வருமா, வந்தால் எவ்வளவு மோசம், சொல்கிறபடி செய்தால் பலன் உண்டா, செய்வதற்கு நான் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். இதைத்தான் "உடல்நல நம்பிக்கை மாதிரி" என்று பாடநூல்கள் சொல்கின்றன.

1975-இல் ரொனால்ட் ரோஜர்ஸ் இன்னொரு கோட்பாட்டை முன்வைத்தார். அச்சம் எப்போது மனிதரைப் பாதுகாப்பை நோக்கித் தள்ளும், எப்போது தள்ளாது என்பது அவருடைய கேள்வி. பின்னாளில் அவரே அதில் ஒரு முக்கியமான அம்சத்தைச் சேர்த்தார்: "என்னால் இதைச் செய்ய முடியும்" என்கிற தன்னம்பிக்கை. இந்த ஆய்வுகளின் சாரத்தை எளிமையாகச் சொல்லலாம். அச்சமும் இருந்து, செய்ய முடியும் என்ற நிலையும் இருந்தால் மனிதர் செய்வார். அச்சம் மட்டும் ஏறிக்கொண்டே போய், செய்ய வழியே இல்லாவிட்டால், மனம் அந்த அச்சத்தைத் தாங்காது. "நமக்கெல்லாம் வராது", "வர்றது வரட்டும்", "எல்லாம் சும்மா" என்று அதைத் தூக்கி எறிந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும்.

2020-இல் நம்மூரில் நடந்த பிரச்சாரத்தை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் நாள்தோறும் மரண எண்ணிக்கை. போன் செய்தால் இருமல் சத்தம். வைரஸ் வடிவத் தலைக்கவசம் போட்ட போலீஸ். அச்சத்தை ஏற்றுவதில் ஒரு குறையும் இல்லை. செய்ய முடியும் என்ற நிலையை யார் உருவாக்கினார்கள், யாருக்காக உருவாக்கினார்கள் என்பதுதான் மிச்சக் கேள்வி.

"முடியும்" என்பது யாருடைய சொல்?

கேளம்பாக்கம் சந்திப்பில் நின்று நான்கு பக்கமும் பார்த்தால் இதற்குப் பதில் தெரியும். வடக்கே பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட்டும் நாவலூரும். 2020 மார்ச் மாதத்தில் அங்குள்ள ஐடி ஊழியர்கள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சம்பளம் வந்தது. மளிகை வாசலுக்கு வந்தது. அவர்களுக்கு "வீட்டிலேயே இரு" என்பது பின்பற்றக்கூடிய அறிவுரை. அந்த மளிகையைக் கொண்டுவந்த டெலிவரி இளைஞருக்கு, அந்த அடுக்குமாடியின் குப்பையை அள்ளிய தூய்மைப் பணியாளருக்கு, அந்த வாசலில் நின்ற காவலாளிக்கு அதே அறிவுரைக்குப் பொருளே இல்லை. ஒருவர் வீட்டில் இருப்பதற்காக நான்கு பேர் வெளியே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர் பொறுப்பான குடிமகன். வெளியே திரிந்தவர்கள் கொரோனா பரப்புகிறவர்கள்.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், கண்ணகி நகர். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் நகரத்துக்குள்ளிருந்தும் பிடுங்கி வரப்பட்ட மக்கள், அவர்களில் தலித்துகள் கணிசமானோர், குடியமர்த்தப்பட்ட இடங்கள் இவை. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பழைய தொகுதிகளில் இருப்பவை இருநூறு சதுர அடிகூட இல்லாத வீடுகள். அந்த வீட்டில் ஐந்து பேர். "நோய் அறிகுறி இருப்பவர் தனி அறையில், தனிக் கழிப்பறையுடன் இருக்க வேண்டும்" என்ற வழிகாட்டுதலை அந்த வீட்டில் ஒட்டிப் பாருங்கள். அங்கே ஒருவர் அதைப் பின்பற்றவில்லை என்றால் அது மனப்பான்மைக் கோளாறா, கட்டடக் கோளாறா?

கை கழுவுவதும் அப்படித்தான். இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார்கள். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டு, இந்த ஓஎம்ஆர் சாலையே டேங்கர் லாரிகளை நம்பி ஓடியது. தண்ணீர் இல்லாததால் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன ஐடி நிறுவனங்கள் இங்கேயே இருந்தன. பெரும் நிறுவனத்துக்குத் தண்ணீர் தட்டுப்பாடு என்றால் அது உள்கட்டமைப்புப் பிரச்சினை. குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடுபவருக்கு அதுவே "சுகாதாரப் பழக்கம் போதாது" என்று மாறிவிடுகிறது.

தடுப்பூசிக்கு வருவோம். ஊசி போட்ட மறுநாள் பலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு நாள் மருத்துவ விடுப்பு. கட்டுமரமோ ஃபைபர் படகோ ஏறிக் கடலுக்குப் போகிறவருக்கு, உப்பளத்தில் கூலிக்கு நிற்பவருக்கு, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள், சிலநேரம் இரண்டு நாள் கூலி. இலவச ஊசி அவருக்கு இலவசமல்ல. ஹாக்பாம் காலத்து உளவியலாளர்கள் "கொடுக்க வேண்டிய விலை" என்று சொன்னது இதைத்தான். கோவளத்துப் பிரியாணியும் ரீசார்ஜும் அந்த விலையில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்தன என்று பார்த்தால், அங்கே ஏமாளித்தனம் எதுவும் தெரியாது. கணக்குத் தெரிந்த மனிதர்கள்தான் தெரிவார்கள். அரசு கொடுத்திருக்க வேண்டிய ஈட்டுத்தொகை குலுக்கல் பரிசாக வந்தது என்பதுதான் அங்கே வெட்கப்பட வேண்டிய விஷயம்.

நம்பிக்கையின்மைக்கு ஒரு வரலாறு உண்டு

தயக்கமே இல்லை என்று சொல்லவில்லை. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களை ஊக்கப்படுத்துவதற்காகவே சென்னை அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17 அதிகாலை மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னர் அதையே உறுதி செய்தது. ஆனாலும் வதந்தி தமிழ்நாடெங்கும் பரவியது. அது மீனவக் குப்பத்திலும் பரவியது, அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவிலும் பரவியது. அடுக்குமாடியில் இருந்தவர் "இன்னும் கொஞ்சம் டேட்டா வரட்டும்" என்றார். குப்பத்தில் இருந்தவர் "எனக்கு வேணாம் சார்" என்றார். முதல்வருக்குப் பெயர் யோசிப்பவர். இரண்டாமவருக்குப் பெயர் படிக்காதவர்.

அதைவிட முக்கியமானது, ஒடுக்கப்பட்ட மக்கள் அரசு மருத்துவத்தைச் சந்தேகிக்க அனுபவம் சார்ந்த காரணங்கள் உண்டு என்பது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் உள்ளிட்ட பல்லாயிரம் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்தே பல படிவங்களில் இருந்தது. சில சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையை 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அதற்கும் முன், நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடைக்குத் துரத்தப்பட்டவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். அமெரிக்காவில் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின மக்களின் மேக நோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். 2021-இல் அங்கே கறுப்பின மக்கள் தடுப்பூசிக்குத் தயங்கியபோது பலர் அந்த வரலாற்றை நினைவுபடுத்தினார்கள். இங்கே அப்படி நினைவுபடுத்த யாரும் மெனக்கெடவில்லை.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அவநம்பிக்கைக்கு வரலாறு உண்டு என்பதால் அந்த அவநம்பிக்கை சரியாகிவிடாது. தடுப்பூசி உயிர் காத்தது. அதைப் போட்டுக்கொள்ளாமல் விட்டதால் இறந்தவர்களில் நம் மக்கள் உண்டு. "இது கார்ப்பரேட் சதி" என்று முற்போக்கு வட்டாரங்களிலேயே சிலர் பேசித் திரிந்தது, பகுத்தறிவு இயக்கம் வேரூன்றிய மண்ணுக்குப் பொருந்தாத பேச்சு. அதிகாரத்தைச் சந்தேகிப்பது வேறு, அறிவியலைக் கைவிடுவது வேறு. அறிவியலின் பலன் நம் மக்களுக்கு முதலில் வந்து சேர வேண்டும் என்று கேட்பதுதான் சாதி ஒழிப்பு அரசியல்.

அச்சம் பாய்ந்த திசை

இதுவரை பேசியது, பாதுகாத்துக்கொள்ள முடியாதவர்களைப் பற்றி. பாதுகாத்துக்கொள்ள எல்லாம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் வீட்டு வேலை செய்யும் பெண்களை மாதக்கணக்கில் உள்ளே விடவில்லை. விட்ட பிறகும் சில இடங்களில் லிஃப்டில் ஏறக்கூடாது என்றார்கள். அதே குடியிருப்புகளில் பிறந்தநாள் விழாக்களும் வளைகாப்புகளும் நடந்தன; சொந்தக்காரர்கள் மாஸ்க் இல்லாமல் கூடிச் சாப்பிட்டார்கள். மாஸ்க் போட்டு, தள்ளி நின்று, பத்து நிமிடம் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகும் பெண்ணைவிட, மூடிய ஏசி ஹாலில் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் மாமாவிடமிருந்தே தொற்று எளிதில் வரும். காற்றின் வழியே பரவும் நோயின் எளிய கணக்கு அது. ஆனால் மாமாவைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. அவர் "நம்மவர்".

இதற்கும் உளவியல் விளக்கம் தருகிறது. நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாததால், மனித மனம் அருவருப்பை ஒரு முன்னெச்சரிக்கைக் கருவியாக வைத்திருக்கிறது. அந்தக் கருவி எளிதில் தவறு செய்யும். பால் ரோஸின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1986-இல் வெளியிட்ட ஒரு சோதனை புகழ்பெற்றது. கிருமி நீக்கம் செய்யப்பட்ட ஒரு செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்தார்கள். கிருமி எதுவும் இல்லை என்று தெரிந்தும் பலருக்கு அதைக் குடிக்க மனம் வரவில்லை. ஒருமுறை "தீட்டு" என்று மனம் முத்திரை குத்திவிட்டால், தர்க்கம் அதை அழிப்பதில்லை.

நம் சமூகத்தில் இந்த முத்திரையை மனிதர்கள் மீது குத்தி வைத்திருக்கிறார்கள். டீக்கடை இரட்டைக் குவளைக்கு எந்தக் கிருமியியல் காரணமும் கிடையாது. கழுவினால் எல்லாக் குவளையும் ஒன்றுதான். ஆனாலும் அது தலைமுறைகளாக நடந்தது. சாதி இருப்பது மனதில் என்றும், மனதில் இருப்பதாலேயே அதை இடிப்பது கடினம் என்றும் அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். பெருந்தொற்று அந்த மனதுக்கு ஒரு மருத்துவச் சீட்டு எழுதிக் கொடுத்தது. வேலைக்காரப் பெண்ணுக்குத் தனித் தம்ளர் வைத்திருந்த வீடு இப்போது வெட்கப்பட வேண்டியதில்லை. "கோவிட் ப்ரோட்டோகால்" என்று சொல்லிக்கொள்ளலாம். "சமூக விலகல்" என்ற சொல்லே எத்தனை இயல்பாக நம் நாவில் வந்து உட்கார்ந்தது! உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே "உடல்சார்ந்த இடைவெளி" என்று மாற்றிக்கொண்டது. இங்கே பழைய சொல்லே பல மாதம் ஓடியது. ஊர் வேறு, சேரி வேறு என்று ஏற்கெனவே விலகி வாழும் சமூகத்துக்கு அது புதிய சொல்லாகவே தோன்றவில்லை.

2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களைச் சாலையில் உட்கார வைத்து, குழந்தைகளோடு சேர்த்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். அந்த மாதத்தில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர்கள் மீது யாரும் குழாயைத் திருப்பவில்லை. நோயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது விமானம்தான். மருந்தடிக்கப்பட்டது நடந்து வந்தவன் மீது.

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தார். உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. கடைசியில் உடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவரே இரவில் மண்ணைத் தள்ளிக் குழியை மூட வேண்டியிருந்தது. புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்று எத்தனையோ முறை சொல்லப்பட்டும் இது நடந்தது. ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது; அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. தமிழ்நாடே அதிர்ந்தது. நியாயமான அதிர்ச்சி. ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்பு, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாதை தராததால், பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அந்த வீடியோவையும் தமிழ்நாடு பார்த்தது. பிணத்தை மறிக்கும் பழக்கத்தைக் கொரோனா கண்டுபிடிக்கவில்லை. சேரிக்கென்று வைத்திருந்த வழக்கத்தை அது ஒரு மருத்துவர் வரைக்கும் நீட்டியது. தீண்டாமைக்குப் பழகிய கை, அச்சம் வந்தால் யார் மீதும் கல்லெறியும்.

உச்ச நீதிமன்றமே இதைக் கவனித்தது. நோயாளிகளின் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டுவதைப் பற்றிய வழக்கில், சுவரொட்டி ஒட்டப்பட்டதும் அந்த வீட்டினர் தீண்டத்தகாதவர்களைப் போல் நடத்தப்படுகிறார்கள் என்று 2020 டிசம்பரில் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். உரிய அதிகாரியின் குறிப்பான ஆணை இல்லாமல் ஒட்டக்கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். அந்த அவமானம் நோயைத் தடுத்ததா? எதிர்த் திசையில்தான் வேலை செய்தது. வாசலில் தகரம் அடிப்பார்கள், தெரு ஒதுக்கும், வேலை போகும் என்று தெரிந்தவர் காய்ச்சலை மறைப்பார், பரிசோதனைக்குப் போகமாட்டார். மறைத்த காய்ச்சல்தான் பரவும். தீண்டாமை அறப்படி தவறு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். நோய்த்தடுப்பு முறையாகவும் அது படுதோல்வி.

தொட்டவர்கள்

வேறு வழி இருந்ததா? இருந்தது. நம் வரலாற்றிலேயே இருந்தது.

1897-இல் பம்பாய் மாகாணத்தில் பிளேக். பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்து வீடு வீடாகச் சோதனை போட்டது. 2020 ஊரடங்கின்போது மாநிலங்கள் கையில் எடுத்ததும் அதே 1897 சட்டத்தைத்தான். அன்று உயர் சாதியினரின் எதிர்ப்பில், ராணுவத்தின் அத்துமீறல் மீதான நியாயமான கோபமும் இருந்தது; பொது மருத்துவமனையில் பிற சாதியாரோடு படுக்க வேண்டுமே என்ற தீட்டுப் பயமும் இருந்தது. அதற்காகச் சாதிவாரியாகத் தனி மருத்துவமனைகளே அனுமதிக்கப்பட்டன. அதே பிளேக்கில் புனேவுக்கு வெளியே சாவித்திரிபாய் பூலேயும் அவருடைய வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் மருத்துவ முகாம் நடத்தினார்கள். மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தானே தூக்கி வந்தார். அதில் தொற்று ஏற்பட்டு 1897 மார்ச் 10 அன்று இறந்தார். நாம் அவரைப் பள்ளிக்கூடங்களுக்காக நினைக்கிறோம். பெருந்தொற்றில் யாரைத் தொட வேண்டும் என்று காட்டியவராகவும் நினைக்க வேண்டும்.

இங்கே பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம், 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சிகிச்சை தரத் தொடங்கியது. எய்ட்ஸ் என்றாலே மருத்துவமனைகள் கதவைச் சாத்திய காலம் அது. நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகள் வந்து சேரும் இடங்களில் ஒன்றாக அந்த மருத்துவமனை வளர்ந்தது. எச்.ஐ.வி. தடுப்பில் இந்தியா கற்றுக்கொண்ட பெரிய பாடமும் அதே காலத்தில்தான் வந்தது. கொல்கத்தா சோனாகாச்சியில், நோய் பரப்புகிறவர்கள் என்று பழிசுமத்தப்பட்ட பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். அவர்கள் பேச்சை அவர்களுடைய தோழிகள் கேட்டார்கள். அங்கே யாரும் அச்சத்தை ஏற்றவில்லை. கூடவே இருக்கும் ஒருத்தி சொன்னாள். செய்வதற்கான வழியையும் அமைத்துக் கொடுத்தாள்.

அடுத்த முறைக்கு முன்

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. காசநோய் முடியவில்லை. மழைக்காலந்தோறும் டெங்கு வருகிறது. இன்னொரு பெருந்தொற்றும் ஒருநாள் வரும். அன்று மீண்டும் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று தொடங்காமல் இருக்க, இப்போதே கேட்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வீட்டில் இரு என்று அரசு சொன்னால் அந்த நாளின் கூலியை அரசு கொடுக்க வேண்டும். 2021-இல் அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தார்கள். அதை நிவாரணம் என்றோ இலவசம் என்றோ சொல்வதை விடுவோம். அது நோய்த்தடுப்பு மருந்து. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. காய்ச்சல் நாளுக்கும் ஊசி நாளுக்கும் ஊதியத்தோடு விடுப்பு அவர்களுக்கு உரிமையாக வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. அமெரிக்காவும் பிரிட்டனும் கொரோனா மரணங்களை இனவாரியாக வெளியிட்டன. அதனால்தான் கறுப்பின மக்கள் கூடுதலாக இறந்தது வெளியே தெரிந்தது. இந்தியா சாதிவாரியாக அப்படி எதையும் வெளியிடவில்லை. நம் மக்கள் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்கு ஊசி எப்போது கிடைத்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது, வைரஸுக்குச் சாதி இல்லை என்ற வசனம் சுலபமாக எடுபடுகிறது. வைரஸுக்குச் சாதி இல்லைதான். வீட்டுக்கும் வேலைக்கும் தண்ணீருக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் இருக்கிறதே.

மூன்றாவது, ஒவ்வொரு குடியிருப்பிலும் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவரே நிரந்தரச் சுகாதாரப் பணியாளராக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு வந்தால் மக்கள் மருந்தை வாங்கிக்கொள்வார்கள் என்பதைக் காட்டியது. அந்த வேலையைச் செய்யும் பெண்களைச் சொற்பத் தொகைக்கு ஓட வைத்துக்கொண்டே, அடுத்த பெருந்தொற்றில் அவர்கள் சொல்லை ஊர் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடைசியாக, ஓஎம்ஆரின் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கும், இதைப் படிக்கும் தோழர்களுக்கு. உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்தமுறை "வேலைக்காரங்களை உள்ள விடாதீங்க" என்று செய்தி வரும்போது, அங்கே எழுதிக் கேளுங்கள்: விடாத நாட்களுக்குச் சம்பளம் உண்டா? அதே விதி விருந்தாளிகளுக்கும் உண்டா? லிஃப்ட் யாருக்கு? இந்த மூன்று கேள்விக்கும் வருகிற பதிலில், அந்தக் குடியிருப்பு நோய்க்கு அஞ்சுகிறதா, ஆளுக்கு அஞ்சுகிறதா என்பது தெரிந்துவிடும். பேரிடர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லிஃப்ட் விதியும் தனித் தம்ளரும் இன்றும் பல இடங்களில் அப்படியேதான் இருக்கின்றன.